ஏட்டில் நிலைத்த கட்டடங்கள்

யூபிலி மலரிலே தமிழாசிரியர் எழுதப் புகுந்தால் சங்க நூலொன்றையோ திருமுறையொன்றையோ பற்றி எழுதுவதே வழக்கம். இம்முறை அவ்வழக்கினின்றும் சற்று விலகி, கட்டடங்களைச் சித்திரமாகக் காட்டும் மிகப் பழைய நூலொன்றைப் பற்றியும், அந்நூல் ஊவா மாகாணத்துத் தமிழ் மக்களாகிய எமக்குப் புகட்டும் பாடத்தைப் பற்றியும் சில கூற விரும்புகின்றோம். அப்பாடம் பழைய மாணவர், பயிலும் மாணவர், ஆசிரியர் ஆகிய முத்திறத்தார்க்கும் உரியதென்பது எமது கருத்து.

நாம் குறிப்பிடும் நூல் 1672 ஆம் ஆண்டு ஒல்லாந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் அச்சிடப்பட்டது. மலையாளக் கரை, சோழமண்டலக் கரை, இலங்கைத் தீவு ஆகியவற்றை அது விவரிக்கின்றது. அதனை ஆக்கியவர் பிலிப்பஸ் பால்தேயஸ் என்னும் ஒல்லாந்தப் பாதிரியார். 1632 இல் டெல்ப்ட் நகரிற் பிறந்த அவர், 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றியபின் அங்கே சமயப் பணி புரிந்தார். 1665 இல் இலங்கையை விட்டு நீங்கினார். தாம் கண்டனவும் கேட்டனவும் கற்றனவுமாகிய செய்திகளைத் திரட்டிப் பெரியதொரு நூலாக்கினார். செப்புத் தகடுகளிற் செதுக்கி அச்சிட்ட சித்திரங்கள் அந்நூலெங்கும் பரந்து கிடக்கின்றன. தமிழ் நெடுங்கணக்கும் இலக்கணக் குறிப்புகளும் கூட அதிலே தகட்டச்சில் ஏறியுள்ளன. ஐரோப்பாவில் அச்சான முதல் தமிழ் இலக்கணக் குறிப்புகளுள் அதுவும் ஒன்றாதலின், தமிழாசிரியர் அந்நூலைப் பற்றிப் பேசுவது அத்துணை விந்தையுமன்று.

ஆயினும் ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள் இலக்கணமன்று. அந்நூலிலுள்ள கட்டடச் சித்திரங்களே. தெல்லிப்பழை, மல்லாகம், உடுவில், மானிப்பாய், சங்கானை, பண்டத்தரிப்பு, வட்டுக்கோட்டை முதலாய ஊர்களில் அன்று நின்ற தேவாலயங்கள் தனித்தனியே படமாக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுட் பல போர்த்துக்கேயர் எழுப்பியவை. ஒல்லாந்தர் அவற்றைத் தம் சபைக்குரியனவாக்கிப் பயன்படுத்தினர். ஒவ்வோர் ஊரையும் பற்றிச் சொல்லும்போது அங்குப் படித்த பிள்ளைகளின் தொகையையும் பாதிரியார் குறிக்கின்றார்.

போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தை ஆண்ட அக்காலத்து ஐரோப்பியக் கட்டடக் கலையைப் 'பரோக்' என்று பெயரிட்டு வழங்குவர். கோணலான முத்தைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லொன்றிலிருந்து அப்பெயர் பிறந்ததென்பது அறிஞர் பலர் கொள்கை. மன்னார் முத்துச் சலாபத்தின்மேற் கண் வைத்து எம் கரையில் இறங்கிய இனத்தாரின் சொல், ஒரு யுகத்துக் கட்டடக் கலைக்கே பெயராயிற்றென்பது நினைக்கத்தக்கது. நேர்கோட்டை விட்டு வளைவை நாடுதல், ஒளியும் நிழலும் மாறிமாறி விளையாடுமாறு சுவரை மேடுபள்ளமாக அமைத்தல், உள்ளே புகுவோனை வியப்பில் ஆழ்த்துதல் ஆகியன அக்கலையின் இயல்புகள்.

அக்கலையைக் கல்லில் வளர்த்தவாறே ஏட்டிலும் வளர்த்தனர் ஐரோப்பியர். அந்திரேயா பொற்சோ என்னும் இயேசு சபைச் சகோதரர், உரோமாபுரியில் இஞ்ஞாசியார் தேவாலயத்துக்குக் கட்டப்படாது விடுபட்ட குவிமாடத்தை, மெய்யான குவிமாடமே போலத் துணியிற் சித்திரமாகத் தீட்டி மேலே பொருத்தினார். அவ்வித்தையின் மருமத்தைப் பிறரும் அறியுமாறு 1693 இலும் 1700 இலும் இரு பாகங்களாகப் பெரிய சித்திர நூலொன்றையும் வெளியிட்டார். அந்நூல் 1707 இல் ஆங்கிலமாயிற்று. 1729 இல் அதன் வழிவந்த நூலொன்று சீன மொழியிலும் அச்சேறியது. கல்லாலான கட்டடம் தான் நிற்கும் ஊரை விட்டு அசையமாட்டாது. அதன் படமோ கடல் கடந்து, மொழி கடந்து சென்று, கண்டறியாத தேசத்துச் சித்திரகாரனுக்கும் ஆசானாகின்றது. நூலின் ஆற்றல் இதுவாகும்.

உரோமாபுரியின் ஆடம்பரத்தோடு ஒப்பிட்டால் பால்தேயஸ் காட்டும் யாழ்ப்பாணத்துத் தேவாலயங்கள் மிக எளியவை. முருகைக் கல்லும் சுண்ணாம்புச் சாந்துமே அந்நாட்டிற் கைக்கெட்டிய பொருள்கள். நீண்ட மண்டபமும் உயர்ந்த முகப்புச் சுவரும் அயலில் ஒரு மனையுமாக அவை அமைந்தன. எனினும் இவை சிறியன, இவற்றை வரைந்து பயனென்ன என்று பாதிரியார் ஒதுக்கினாரில்லை. அதனாலன்றோ முந்நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தும் அவற்றின் உருவத்தை நாம் அறிகின்றோம்! சங்கானையில் இன்று சிதைந்த சுவர்களே எஞ்சியுள. வட்டுக்கோட்டைத் தேவாலயத்தை 1816 இல் வந்த அமெரிக்க மிசனரிமார் பழுது பார்த்து எடுத்துக்கொண்டனர். நின்றதும் வீழ்ந்ததும் மாறியதுமாகிய யாவும் அவ்வேட்டில் மட்டும் முன்னிருந்தவாறே நிற்கின்றன.

இனி, இச்சித்திரங்களுக்கு மறுபுறமாய் ஒரு வெற்றிடம் உண்டு. அதனைக் காணாது விடுதல் எமக்கு இயலாது. நல்லூரிலே தமிழரசர் போற்றிய கந்தசுவாமி கோயிலைப் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் தெ ஒலிவேரா 1621 ஆம் ஆண்டளவில் இடித்தான். அதன்பின் எழுந்த நல்லூர்த் தேவாலயத்தைப் பற்றிப் பால்தேயஸ் நூல் பேசுகின்றது. இடிக்கப்பட்ட கோயிலின் விமானம் எத்தனை நிலையினது, மண்டபத்துத் தூண்கள் எவ்வுருவின என்று கேட்போமாயின், அதன் தோற்றத்தைக் காட்டும் சித்திரம் யாதும் எம் கையில் இல்லை. புகழ் மொழிகள் உண்டு, அளவுகள் இல்லை. இன்று நாம் வணங்கும் நல்லூர்க் கோயில் பிற்காலத்தில் எழுந்தது. பழைய கோயிலின் வடிவத்தை அதனைக் கொண்டு உய்த்துணரவும் முடியாது. பகைவன் இடித்தது எமது முதல் நட்டம். இடிபடுமுன் எவரும் வரைந்து வையாதது இரண்டாம் நட்டம். முதலாவதற்குப் பிறரை நோகலாம். இரண்டாவதற்கு யாரை நோவது?

படத்தைப் பிறர் வரைந்தால் யாது விளையும் என்பதற்கும் அந்நூலே சான்று. திருமாலின் அவதாரங்களைக் காட்டும் சித்திரங்களும் எம் சமயத்தைப் பற்றிய நீண்ட பகுதியும் அதிலே உள்ளன. அப்பகுதியிற் பெரும்பாலானது பெனிச்சியோ என்னும் இயேசு சபைப் பாதிரியாரின் கையெழுத்துப் பிரதியிலிருந்து எடுத்தாளப்பட்டதென்பதை, அப்பிரதியை 1933 இற் பதிப்பித்த சார்ப்பெந்தியர் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் காட்டினார். எம் தெய்வங்களைப் பாதிரியார் விக்கிரகமென்று இகழ்ந்தே எழுதினார். அவருடைய தேவாலயங்கள் அவர் விரும்பியவாறு ஏட்டில் நின்றன. எம் தெய்வங்கள் எம்மை விரும்பாதவர் கண்ட வண்ணமே நின்றன. இதுபற்றி அவர்மேற் சினங்கொள்ளுதல் வீண். தம்முடையதைத் தாம் வரையாதார் பிறர் வரைந்த உருவத்தைச் சுமக்க வேண்டியவரே என்பதை உணர்ந்தாற் சாலும்.

எம்மவருள்ளும் இதனை உணர்ந்தோர் இல்லாமற் போகவில்லை. தஞ்சாவூரிற் பிறந்த இராம் ராஸ் என்பவர் சிற்பசாத்திரச் சுவடிகளைத் தேடித் தொகுத்து, தொழிலறிந்த சிற்பியரிடம் கேட்டுத் தெளிந்து, இந்துக்களின் கட்டடக் கலையைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். 48 சித்திரத் தகடுகளோடு 1834 இல் இலண்டன் அரச ஆசியச் சங்கம் அதனை வெளியிட்டது. ஆசிரியரோ முந்திய ஆண்டே காலமாகிவிட்டார்; அச்சான தம் நூலை அவர் கண்ணாற் கண்டிலர். எம் நாட்டிலோ ஆனந்த குமாரசுவாமி, கனிப்பொருள் ஆராய்ச்சிக்காக ஊரூராய்த் திரிந்த காலத்திற் கண்டிப் பகுதிக் கைவினைஞரோடு பழகி, அவர்தம் தொழில் மறையுமுன் அதனை எழுத்திலும் படத்திலும் பதித்தார். 1908 இல் வெளியான 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் அந்நூலில் அச்சிட்டவை 425 பிரதிகளே. தமிழ்த் தந்தைக்குப் பிறந்த அவர் சிங்களக் கம்மாளனின் உளியையும் சுத்தியலையும் படமெழுதி வைத்ததை, இன்று இரு மக்களும் பெருமையோடு கொண்டாடுகின்றனர்.

இத்துணையும் கூறியது எமது மாகாணத்துக்கு வருதற்பொருட்டே. ஊவாவுக்கும் அக்காலத்துக்கும் தொடர்பில்லையென எண்ண வேண்டா. 1624 ஆம் ஆண்டளவில் திருக்கோணேச்சரத்தை இடித்துக் கோட்டை கட்டுவித்த கொன்ஸ்தந்தீனு த சா என்னும் தளபதி, 1630 இற் பதுளைக்குப் படையெடுத்து வந்து நகரைத் தீக்கிரையாக்கித் திரும்புகையில், வெல்லவாயாவுக்கு அண்மையிலுள்ள இரந்தெனிவெலையிலே தன் படையோடு மாண்டான். பறங்கியரின் தேவாலயம் இம்மலையில் வேரூன்றாமற் போனதற்கு அப்போரும் ஒரு காரணமாகும்.

பின்னர் ஆங்கிலேயர் வந்தனர்; கோப்பி வந்தது; கோப்பி அழிந்து தேயிலை வந்தது. அவர்கள் கட்டியவற்றுக்கு ஏட்டிற் குறைவில்லை. 1845 இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து மாண்ட மேஜர் ரோஜர்ஸின் நினைவாகப் பதுளையில் நிற்கும் புனித மாற்கு தேவாலயம், 1890 இல் லிப்டன் எழுப்பிய தம்பேதன்னைத் தொழிற்சாலை, தோமஸ் வில்லியர்ஸ் துரை கட்டுவித்த அடிசம் மாளிகை, 1921 இல் முடிந்த தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம் ஆகியவற்றைப் பற்றி நூல்களும் படங்களும் மலிந்து கிடக்கின்றன. 1907 இல் இலண்டனிலிருந்து வெளிவந்த பெருநூலொன்று, இலங்கைத் தோட்டங்களின் பங்களாக்களையும் தொழிற்சாலைகளையும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துக் காட்டுகின்றது.

ஆனால் அப்பங்களாக்களுக்குக் கல் சுமந்தவர் கட்டிய கோயில்களுக்கு ஏடு எங்கே?

பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, ஹாலிஎல, பண்டாரவளை, ஹப்புத்தளை, கொஸ்லாந்தை என்று எத்திசை சென்றாலும் தோட்டந்தோறும் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கின்றது. முனியாண்டிக்கும் மதுரைவீரனுக்கும் காளிக்கும் தனித்தனி மேடைகள் இருக்கின்றன. தேயிலை அரைக்கும் இயந்திரச் சக்கரத்துக்கு ரோதை முனியும், கவ்வாத்து வெட்டும் கத்திக்குக் கவ்வாத்துச் சாமியும் காவலாயினர். இத்தெய்வங்களை எந்தச் சிற்பசாத்திரமும் அறியாது. மலையகத்து மக்களின் வியர்வையே இவற்றுக்கு ஆகமம். முதலில் மரத்தடியில் ஒரு கல்லும் சூலமும். பின்பு நான்கு கம்பும் தகரக் கூரையும். அதன்பின் செங்கற் சுவர். இறுதியிலே தமிழகத்துச் சிற்பி வந்து சமைத்த கோபுரம் என, ஒரு கோயிலின் வளர்ச்சியிலே ஒரு மக்கட் கூட்டத்தின் சரித்திரமே அடங்கிக் கிடக்கின்றது. சம்பளத்திற் பிடித்த கோயிற் பணம் அச்சுவர்களில் இருக்கின்றது. எந்த ஊரிலிருந்து வந்தோம் என்ற நினைவு அத்தெய்வங்களின் பெயரில் இருக்கின்றது. மாசியிற் காமன் கூத்து நிகழும் காமன் பொட்டல் அதன் அயலில் இருக்கின்றது.

இவை மூன்று வழிகளால் மறைந்து வருகின்றன. முதலாவது, மக்கள் பெயர்ந்தமை. 1964 இற் செய்த சிறீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகுத்தது. கோயிலைக் கட்டியவரும் அதன் கதையை அறிந்தவரும் பலர் அவ்வாறு கப்பலேறினர். கதை கேட்க வேண்டிய பேரப்பிள்ளைகள் கடலுக்கு இருமருங்கிலும் பிரிந்தனர். இரண்டாவது, மண். 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிய காலையை இம்மாகாணத்தார் எவர் மறப்பர்? மக்களையே கொண்டுசென்ற மண், அவர்கள் தொழுத மேடைகளை மட்டும் விட்டுவைக்குமா?

மூன்றாவது, எமது பக்தியே. இதனைக் கூறும்போது சிலர் மனம் நோகலாம். எனினும் கூறாதிருத்தல் ஆசிரியர்க்கு அழகன்று. தோட்டத்தார் கையில் நாலு காசு சேர்ந்தவுடன் திருப்பணி தொடங்குகின்றது. பழைய கோயில் ஒரே நாளில் இடிபடுகின்றது. முப்பாட்டன் செதுக்கிய மரக்கதவு விறகாகின்றது; பெயர் பொறித்த கல் அத்திவாரத்துட் போகின்றது; வேம்பு தறிக்கப்படுகின்றது. அவ்விடத்திற் சீமெந்துக் கோபுரம் எழுகின்றது. கும்பாபிஷேகம் சிறப்பாய் நடக்கின்றது. புதுக்கோயில் கட்டுவதை நாம் மறுக்கவில்லை. ஒழுகும் கூரையின்கீழ் அம்மன் இருக்க வேண்டுமென்று கேட்போர் அறிவிலாதவர். நாம் வேண்டுவது ஒன்றே: இடிக்குமுன் வரைந்து வையுங்கள். ஒலிவேரா நல்லூரை இடிக்குமுன் எம்மைக் கேட்டானில்லை. இன்று இடிப்பவரும் நாமே. ஒரு வாரம் பொறுத்திருந்து வரையத் தடையாக நிற்பவர் யார்?

இதற்குத் தடை கூறுவோர் இரு வகையினர். ஆகம முறையில் அமையாத சிறு கோயிலை வரைய என்ன இருக்கின்றதென்பார் முதல் வகையினர். முருகைக் கல்லாலான சிறு தேவாலயத்தையும் விடாது வரைந்த பால்தேயஸ் நூலே அவர்க்கு விடை. சிறியது பெரியதென்பது கட்டடத்தின் உயரத்தைப் பொறுத்ததன்று. அதனைக் கட்டியவர் இழந்ததைப் பொறுத்தது. கைத்தொலைபேசியிலே ஒரு நொடியிற் படமெடுக்கலாமே, வரைவானேன் என்பார் இரண்டாம் வகையினர். எடுக்கட்டும், அதுவும் வேண்டும். ஆனால் ஆண்டும் இடமும் பெயரும் அளவும் குறியாத படம், தொலைபேசி பழுதானால் அதனோடு போகும். அளவு நூல் பிடித்துச் சுவரை அளந்து தாளில் வரையும் மாணவன், அச்சுவரை முதன்முறையாகக் காண்கின்றான். கண்ணாற் பார்த்தது வேறு. கையாற் பார்த்தது வேறு.

ஒரு பிரதி பிரதியாகாது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றோடு வேறெங்கும் பிரதியில்லாத சுவடிகளும் போயின. யாழ்ப்பாணக் கோட்டையுள் 1706 இல் ஒல்லாந்தர் எழுப்பிய சிலுவை வடிவத் தேவாலயம் 1990 ஐ ஒட்டிய போர்க்காலத்தில் அழிந்தது. அதன் அமைப்பை இன்று அறிகின்றோமெனில், முன்னரே எடுத்த படங்களும் வரைபுகளும் பல இடங்களில் இருந்தமையாலேயே அறிகின்றோம். பால்தேயஸ் நூலும் அவ்வாறே பிழைத்தது. ஒல்லாந்த மொழியில் வெளியான அதே ஆண்டில் ஜெர்மன் மொழியிலும் வந்தது. பின்பு ஆங்கிலத்திற் பெயர்க்கப்பட்டது. இலங்கைப் பகுதியின் புதிய ஆங்கில மொழிபெயர்ப்பு 1960 இல் எம் நாட்டிலேயே வெளியாயிற்று. மூலப் பிரதி கிடைத்தற்கரிய பொருளாயினும், அதன் பக்கங்களை இன்று பதுளையிலிருக்கும் மாணவனும் கணினித் திரையிற் காணலாம்.

ஆகவே எமது யோசனை இதுதான். யூபிலி ஆண்டிற் பந்தலுக்கும் பாராட்டுக்கும் செலவிடுவதில் ஒரு பங்கை ஒரு நூலுக்கு ஒதுக்குவோம். உயர்தர வகுப்பு மாணவர் தத்தம் தோட்டத்துக் கோயிலை எடுத்துக்கொள்ளட்டும். கோயிலின் நீள அகலங்கள், தூண்களின் எண்ணிக்கை, கூரை, கதவு, மணி, மணியிற் பொறித்த எழுத்து, தலவிருட்சம், பரிவார மேடைகள், காமன் பொட்டல் அனைத்தையும் அளந்து வரையட்டும். தோட்டத்து முதியோரிடம் சென்று, தெய்வத்தைக் கொண்டுவந்தவர் எவ்வூரவர், முதற் கல் வைத்தவர் யார், திருவிழாவில் தப்படித்தவர் யார் என்று பணிவோடு கேட்டு, அவர் சொன்ன மொழியிலேயே எழுதட்டும். தப்படித்தவர் பெயரையும், கங்காணியார் பெயர் எழுதும் அதே அளவு எழுத்தில் எழுத வேண்டும். கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவரை ஏட்டுக்கும் வெளியே நிறுத்துதல் தகாது. சித்திர ஆசிரியர் வரைபுகளைத் திருத்துவார். தமிழாசிரியராகிய நாம் உரைநடையைத் திருத்துவோம். கணித ஆசிரியர் அளவுகளைச் சரிபார்ப்பார். பழைய மாணவர்களுள் பொறியியலாளரும் அச்சகத்தாரும் வெளிநாடுகளில் வாழ்வோரும் உளர். தாளுக்கும் அச்சுக்கும் அவர்கள் கைகொடுப்பின் போதும். அச்சான நூலைப் பதுளையிலும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும், கடல் கடந்த நாடுகளிலும் உள்ள நூலகங்களுக்கு அனுப்புவோம்.

பரீட்சைக்கு இதனாற் பயனுண்டா என்று பெற்றோர் கேட்பர். தன் பாட்டன் கட்டிய சுவரை அளந்தறிந்த மாணவன், உலகத்துக் கட்டடங்களைப் பற்றிப் படிக்கும்போது நாணித் தலைகுனியான். உரோமாபுரிக் குவிமாடத்தையும் தன் தோட்டத்துத் தகரக் கூரையையும் ஒருங்கே கண்டு, இரண்டும் மனிதர் தெய்வத்தை நோக்கி உயர்த்திய கைகளே என்றறிவான். கல்வியின் பயன் இதனினும் வேறு யாது?

ஆம்ஸ்டர்டாமிற் செப்புத் தகட்டைச் செதுக்கியவன், தன் சித்திரத்தைப் பதுளையிலே ஒரு தமிழ் மாணவன் காண்பான் என்று எண்ணியிருக்க மாட்டான். எமது மாணவர் இன்று வரையும் கோயிலையும் யாரோ, எங்கோ, முந்நூறு ஆண்டு கழித்துக் காணக்கூடும். அன்று அவர்கள் எம்மைப் பற்றி, இவர்கள் உழைத்தார்கள் என்று மட்டும் சொல்லாது, தமக்கென்று கட்டினார்கள், கட்டியதை எழுதியும் வைத்தார்கள் என்று சொல்வார்களாக. அடுத்த திருப்பணிக்குக் கடப்பாரை எடுக்குமுன் பென்சில் எடுப்போம்.